போர்டுக்கு நாலு விரல் பின்னால்

கேள்வி: எனக்கு 21 வயது. நீளம் தாண்டுதல் என் ஈவென்ட். இரண்டு வருடத்துக்கு முன் 6.11 மீட்டர் தாண்டினேன். அன்று கால், எழும்பும் போர்டின் விளிம்பில் தடம் பார்க்க வைக்கும் பிளாஸ்டிசீன் களிமண்ணை ஒட்டி விழுந்தது. அதற்குப் பிறகு அந்தத் தூரம் வரவே இல்லை, 5.85க்கும் 6.05க்கும் நடுவிலேயே நிற்கிறேன். பெஸ்ட் வந்த மறுநாளே கோச் சார், “இதில் திருப்திப்பட்டால் கதை முடிந்தது” என்றார். அதனால் நான் சும்மா இருக்கவில்லை. ரன்-அப்பை 16 காலடியிலிருந்து 20 ஆக்கினேன். ஹேங் ஸ்டைலை (காற்றில் தொங்குவது) விட்டு ஹிட்ச் கிக்குக்கு (காற்றில் நடப்பது) மாறினேன். 55 கிலோவிலிருந்து 51க்கு இறங்கினேன். ஸ்பைக்ஸும் மாற்றினேன். தினமும் இரவு வீடியோ பார்த்துக் குறைகளை நோட்டில் எழுதுகிறேன். பட்டியலில் இப்போது 14 இருக்கிறது. கடைசி மீட்டில் 5.94, ஃபவுல், 6.02, ஃபவுல், 5.90, ஃபவுல். 6.02இல் போர்டில் கால் படவே இல்லை, நாலு விரல் பின்னாலேயே எழும்பிவிட்டேன். மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ஹெவி வொர்க்அவுட் என்றால் அது சகஜம் என்று கூட ஓடும் அக்காக்கள் சொல்கிறார்கள். தாண்டும் காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் லேசான வலியும் உண்டு. தினம் ஒரு சதவீதமாவது முன்னேற வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்த மனசே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. பெரிய வீரர்கள் எப்படித் தங்களைத் திருத்திக்கொண்டே போகிறார்கள்?

பதில்: கடிதத்தின் மிக முக்கியமான விஷயத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். அந்த நாலு விரல். அதிலிருந்தே தொடங்குவோம்.

டேக்-ஆஃப் போர்டின் அகலம் 20 சென்டிமீட்டர். தூரத்தை அளப்பது மணல் பக்கத்து விளிம்பிலிருந்து; அதைத் தாண்டி மிதித்தால் ஃபவுல். நீங்கள் போர்டுக்கு நாலு விரல், அதாவது சுமார் 7 செ.மீ. பின்னால் எழும்பியிருந்தால், விளிம்பிலிருந்து உங்கள் கால்விரல் 27 செ.மீ. பின்னால் இருந்திருக்கிறது. டேப் காட்டியது 6.02. உங்கள் உடல் கடந்தது 6.29. இரண்டு வருடத்துக்கு முந்தைய 6.11இல் கால் பிளாஸ்டிசீனை ஒட்டி இருந்ததால், அன்று உடல் கடந்தது 6.12, மிஞ்சிப்போனால் 6.13. அந்த இரண்டு நாளும் காற்று எப்படி இருந்தது என்று மீட் ஷீட்டில் பாருங்கள். விநாடிக்கு 2 மீட்டர் வரை பின்காற்றை விதி ஏற்கும் என்பதால் அதிலும் சில சென்டிமீட்டர் ஒளிந்திருக்கலாம். அதைக் கழித்தாலும், தேங்கி நிற்பதாக நீங்கள் நினைத்த இந்த இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் கூடியிருக்கிறது. அது மணலில் விழாமல் போர்டுக்குப் பின்னால் விழுகிறது, அவ்வளவுதான்.

மனசு இல்லையோ என்று கேட்டீர்கள். மனசு வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. கணக்கு எழுதும் முறைதான் தவறு. உச்ச மட்டத்தில் நீண்ட காலம் நிற்கும் வீரர்களின் தனித்தன்மை அணையாத வெறி என்றுதான் வெளியே பேசுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது வேறு: எதை மாற்றுகிறோம், எதைத் தொடாமல் விடுகிறோம், மாற்றியது வேலை செய்ததா என்பதை எந்த எண்ணால் அறிவோம் என்ற மூன்றையும் அவர்கள் கறாராக வைத்திருக்கிறார்கள். நீங்கள் இந்த இரண்டு வருடத்தில் நான்கை மாற்றினீர்கள். இப்போது தூரம் கூடியிருக்கிறது, ஃபவுலும் கூடியிருக்கிறது. கூட்டியது எது, கெடுத்தது எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, உங்கள் சாராலும் முடியாது.

அந்தத் தினம் ஒரு சதவீதக் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். தினம் ஒரு சதவீதம் கூட்டு வட்டியில் ஏறினால் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 38 மடங்கு. உங்கள் 6.11, 231 மீட்டராகும். மணலை விடுங்கள், ஸ்டேடியம் காம்பவுண்டுக்கு வெளியே போய்த்தான் விழ வேண்டும். சுவரில் ஒட்டி வைக்க நல்ல வாசகம், உடம்புக்குப் பொருந்தாது. ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 88.06 மீட்டர் எறிந்தார். 90 மீட்டரைத் தாண்டியது 2025 மே மாதம் தோஹாவில், 90.23. ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் 2.17 மீட்டர், இரண்டரை சதவீதம்கூட இல்லை. போல் வால்ட்டில் டுப்ளான்டிஸ் 2020 பிப்ரவரியில் 6.17 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராக உயர்த்தி 6.30க்கு வந்தது 2025 செப்டம்பரில். அவர் வேண்டுமென்றே ஒரு சென்டிமீட்டர்தான் உயர்த்துகிறார் என்பது உண்மைதான். ஆனாலும் ஐந்தரை வருடத்தில் இரண்டு சதவீதம். உங்களுக்கு ஒரு சதவீதம் என்றால் 6 செ.மீ. இந்த மட்டத்தில் ஒரு முழு சீசனுக்கு அது நல்ல வேலை. அதைத் தினசரிக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டால், தினமும் மாலை ஆறு மணிக்கு நீங்கள் தோற்றவராகத்தான் கிரவுண்டிலிருந்து வீட்டுக்குப் போவீர்கள்.

நீரஜைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 டோக்கியோவில் அவருக்குத் தங்கம் தந்தது 87.58. அது அவருடைய அதிகபட்சம் இல்லை, மூன்று வருடம் முந்தைய ஜகார்த்தா எறிதலைவிடவும் குறைவு. 2024 பாரிஸில் அவர் எறிந்த 89.45 அதுவரையிலான அவருடைய இரண்டாவது சிறந்த எறிதல். கிடைத்தது வெள்ளி; மற்ற ஐந்து வாய்ப்புகளும் ஃபவுல். ஆகவே பெஸ்ட் என்ற ஒற்றை எண்ணை வைத்து உங்களை எடை போடாதீர்கள். அதில் காற்று, போர்டு, அன்றைய தூக்கம், எதிராளி எல்லாம் கலந்திருக்கிறது. நீளம் தாண்டுதலில் அது இன்னும் மோசம். 1968 மெக்சிகோ சிட்டியில் 8.90 தாண்டிய பாப் பீமன் அதன் பிறகு 8.22க்கு மேல் போகவே இல்லை. அஞ்சு பாபி ஜார்ஜ் 2004 ஏதென்ஸில் தாண்டிய 6.83 இருபது வருடத்துக்கு மேலாகத் தேசிய சாதனையாக நிற்கிறது. அவராலேயே அதைத் தாண்ட முடியவில்லை.

இனி நீங்கள் செய்த மாற்றங்கள். ஸ்பைக்ஸைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, கால் கடிக்காமல் இருந்தால் போதும்.

ஹிட்ச் கிக்கால் தூரம் கூடும் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. கால் போர்டை விட்ட கணத்திலேயே உடலின் எடை மையம் எந்த வளைவில் போகும் என்பது முடிவாகிவிடுகிறது. காற்றில் நடந்தாலும் தொங்கினாலும் அந்த வளைவு மாறாது. ஹேங், ஹிட்ச் கிக் இரண்டின் வேலையும் ஒன்றே: எழும்பும்போது உடல் முன்பக்கம் கவிழப் பார்க்கும் சுழற்சியை அடக்கி, இறங்கும்போது குதிகால் முன்னால் நீள வழி செய்வது. ஹேங் உங்களுக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது என்றால் அதற்கே திரும்புங்கள். இத்தனை மாதம் ஹிட்ச் கிக் பழகிவிட்டு இப்போது விடுவதா என்று மனம் கேட்காது. போட்ட உழைப்பு போனது போனதுதான். அதற்காக இன்னொரு சீசனையும் அதன் பின்னால் அனுப்பக் கூடாது.

ரன்-அப்பில்தான் விஷயம் இருக்கிறது. காலடி கூடினால் வேகம் கூட வாய்ப்புண்டு. போர்டுக்கு முன் விநாடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடினால் தூரத்தில் தோராயமாக 6 முதல் 10 செ.மீ. கிடைக்கும் என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்குக் கூடிய அந்த ஒரு சாண் பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு காலடியிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 16ஐவிட 20இல் அதிகம் சேரும். கடைசி நான்கைந்து காலடியில் கண் போர்டைப் பார்த்துக் காலடியைத் தானாகத் திருத்திக்கொள்ளும். பிசகு அளவுக்கு மீறினால் அந்தத் திருத்தம் போதாது. அப்போது ஒன்று நீட்டி மிதித்து வேகத்தை இழப்பீர்கள், அல்லது குறுக்கி மிதித்து ஃபவுல் ஆவீர்கள். ஆறில் மூன்று ஃபவுல், மீதியில் ஒன்று 27 செ.மீ. பின்னால் என்று நீங்கள் எழுதியிருப்பது இதன் அச்சான அடையாளம்.

ஆகவே அடுத்த 12 வாரத்துக்கு உங்கள் வேலை ஒன்றுதான்: ரன்-அப். மற்ற 13 குறைகளும் நோட்டிலேயே தூங்கட்டும். கை வீச்சு, தலை, இறங்கும் விதம் எதையும் தொட வேண்டாம். கஷ்டமான பகுதி இதுதான், ஏனென்றால் குறை கண்ணில் படும்போது கை பரபரக்கும். அதை அடக்குவதும் பயிற்சியில் சேர்த்தி.

செய்முறை இது. பத்து ரன்-த்ரூ ஓடுங்கள், தாண்ட வேண்டாம், போர்டில் கால் எங்கே விழுகிறது என்பதை மட்டும் தோழி ஒருத்தி டேப்பில் அளக்கட்டும். ஒரே நாளில் பத்து வேண்டாம். இரண்டு நாளில் ஐந்து ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விளிம்புக்குப் பின்னால் என்றால் கழித்தல், தாண்டினால் கூட்டல் என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் –12, –15, –17, –14 என்று ஓரிடத்தில் கூடினால் ஓட்டம் சீராக இருக்கிறது, ஓடத் தொடங்கும் இடத்து மார்க் மட்டும் தவறு. சுமார் 10 செ.மீ. முன்னால் நகர்த்தினால் முடிந்தது. –27, +4, –9, +8 என்று சிதறினால் மார்க்கை எங்கே வைத்தாலும் பயனில்லை. நிறையப் பேர் ஒவ்வொரு ஃபவுலுக்கும் மார்க்கை அரை அடி பின்னால் இழுத்து, அடுத்த தாண்டலில் போர்டைத் தொடாமல், மறுபடி முன்னால் வைத்து, மறுபடி ஃபவுல் ஆகிக்கொண்டே ஆறு வாய்ப்பையும் தீர்ப்பார்கள். அவர்கள் துரத்துவது தற்செயலை. நீங்கள் எழுதிய வரிசையைப் பார்த்தால் உங்கள் கடைசி மீட்டிலும் அதுவே நடந்திருக்கலாம்.

சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் முதல் ஆறு காலடிதான். நடந்து வந்தோ குதித்தோ தொடங்குகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு, இரு காலும் பதிந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். முதல் காலடி ஒவ்வொரு முறையும் ஒரே நீளம், ஒரே தள்ளல். ஆறாவது காலடி விழும் இடத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று போடுங்கள். பத்தில் எட்டு முறை அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் நாலு விரலுக்குள் கால் விழும்வரை அதற்கு மேல் உள்ள எதையும் பார்க்க வேண்டாம். மூன்று, நான்கு வாரம் ஆகலாம். அது சீரானதும் போர்டுக்கு நான்கு காலடி முன்னால் இன்னொரு மார்க்; அது சார் பார்ப்பதற்கு, உங்களுக்கு இல்லை. நீங்கள் குனிந்து அதைப் பார்த்தால் வேகம் போய்விடும்.

16, 18, 20இல் எது உங்களுக்கு என்பதை வேகம்தான் சொல்ல வேண்டும். போனில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். போர்டின் மணல் விளிம்பிலிருந்து 6 மீட்டரிலும் 1 மீட்டரிலும் இரண்டு கம்பு நட வேண்டும். கேமரா ரன்வேக்கு நேர் பக்கவாட்டில், சுமார் 15 மீட்டர் தள்ளி, இரண்டு கம்புக்கும் நடுவில் இருக்கட்டும். கம்பை ரன்வே ஓரத்தில் அப்படியே நட்டால் கோணத்தில் பிழை வரும். நடுக்கோட்டில் 6 மீட்டரில் ஒருவரை நிற்கவைத்து, கேமராவில் அவர் மேல் சரியாகப் பொருந்துமாறு கம்பை நடுங்கள். 1 மீட்டருக்கும் அதே மாதிரி. இடுப்பு முதல் கம்பைக் கடந்த பிரேமிலிருந்து இரண்டாவது கம்பைக் கடக்கும் பிரேம் வரை எண்ணுங்கள். 141 பிரேம் என்றால் விநாடிக்கு 8.51 மீட்டர், 138 என்றால் 8.70. ஒரு பிரேம் தவறினாலே 0.06 மாறும் என்பதால் ஒற்றை ஓட்டத்தை நம்பக் கூடாது. ஒவ்வொரு நீளத்துக்கும் ஆறு ஓட்டத்தின் சராசரி எடுங்கள், வேறு வேறு நாளில். 18க்கும் 20க்கும் வித்தியாசம் 0.05க்குள் இருந்தால் யோசிக்காமல் 18க்கு வாருங்கள். கூடுதல் இரண்டு காலடி உங்களுக்குப் பிசகைத் தவிர வேறெதுவும் தரவில்லை என்று அர்த்தம்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது? பழுது பார்க்கும் நாளும் போட்டி மாதிரி தாண்டும் நாளும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. உதாரணத்துக்குச் செவ்வாய்க்கிழமை பழுது நாள்: 6, 8, 10 காலடி ஓட்டத்தில் 8 முதல் 10 தாண்டல், ஒவ்வொன்றுக்கும் பிறகு வீடியோ, பேச்சு, திருத்தம், கேவலமாக விழுந்தாலும் கவலையில்லை. சனிக்கிழமை போட்டி நாள்: முழு ரன்-அப், நான்கே தாண்டல், நடுவில் எட்டுப் பத்து நிமிட இடைவெளி, ஃபவுல் என்றால் ஃபவுல். அன்று யாரும் எதையும் திருத்தக் கூடாது. சாரிடமும் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கலக்கும்போது என்ன ஆகிறது என்றால், ரன்வேயில் நிற்கும்போதும் மூளை ரிப்பேர் ஷாப்பாகவே இருக்கிறது. முழங்காலைத் தூக்கு, கையை விரி, கடைசிக்கு முந்தைய காலடியில் இறங்கு என்று உடலின் பாகங்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே ஓடினால், பல்லாயிரம் முறை செய்து தானாக வர வேண்டிய அசைவு இறுகிப்போகும். கவனத்தை உடலுக்கு வெளியே வைத்தால் தூரம் கூடுவதாக நின்ற இடத்திலிருந்து தாண்டும் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆகவே சனிக்கிழமைக்கும் மீட்டுக்கும் ஒரே ஒரு சொல் போதும். “தரையைத் தள்ளு” என்பது மாதிரி. தொடங்கும் முன் அதைச் சொல்லிக்கொண்டு மணலுக்குப் பின்னால் தெரியும் ஏதோ ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்து ஓடுங்கள்.

முழு ரன்-அப் தாண்டல் வாரத்துக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். எழும்பும் அந்தச் சிறு நொடியில் ஒற்றைக் கால் தாங்குவது உடல் எடையைப் போல் பல மடங்கு. மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த நான்காவது வாரத்தில் சும்மா இருப்பதாக உறுத்தும். உறுத்தட்டும். தசையும் எலும்பும் கட்டிக்கொள்வது அப்போதுதான்.

நோட்டைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன், இடமும் நேரமும் மாற வேண்டும். இரவு படுக்கையில் வீடியோ வேண்டாம். பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றும் நேரத்தில், கிரவுண்டிலேயே, பத்து நிமிடம். மூன்று வரி எழுதுங்கள்: இன்று எதைச் சரிசெய்ய வந்தேன், எண் என்ன சொன்னது, அடுத்த முறை எந்த ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரி உங்களுக்கு மிகவும் சிரமமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு வருடமாகக் கண்ணைக் குறை தேடவே பழக்கியிருக்கிறீர்கள். “ஒன்றுமில்லை” என்று எழுதத் தடை. “ஆறாவது காலடி ஏழு முறை கோட்டுக்குள்” என்பது போல இருக்க வேண்டும். “நன்றாக ஓடினேன்” என்பது செல்லாது. மீட் முடிந்தால் 24 மணி நேரம் வீடியோவைத் தொடாதீர்கள். மறுநாள் அரை மணி நேரம், சாரோடு சேர்ந்து, ஒரு தடவை.

மாதக் கடைசியில் மூன்று எண் போதும். ஒன்று, அந்த மாதத்தின் சிறந்த மூன்று தாண்டலின் சராசரி. ஆனால் டேப் காட்டிய தூரத்தோடு போர்டு இழப்பையும் கூட்டிய உண்மைத் தூரமாக. இரண்டு, ஆறு தாண்டலுக்கு எத்தனை ஃபவுல். மூன்று, கடைசி 5 மீட்டர் வேகம். மூன்றாவது ஏறுமுகம், முதலாவது அசையாமல் நிற்கிறது என்றால் எழும்பும் முறையில் வேலை இருக்கிறது. அது அடுத்த 12 வாரத்தின் விஷயம். முதலாவது ஏறி, அதிகாரப்பூர்வத் தூரம் மட்டும் ஏறவில்லை என்றால் இன்னும் போர்டுதான் தின்கிறது. 2021 நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஷைலி சிங் 6.59 தாண்டி வெள்ளி பெற்றார். தங்கம் 6.60. ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சாரைப் பற்றி. திருப்திப்படாதே என்று அவர் சொன்னது தப்பான எண்ணத்தில் இல்லை. ஆனால் பெஸ்ட் வந்த மறுநாளே சொல்லப்பட்டதால், நன்றாகச் செய்தாலும் எதுவும் முடிவதில்லை என்று உங்கள் மனம் பாடம் கற்றுக்கொண்டது. சந்தோஷப்பட்டால் கால் சோம்பிவிடும் என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. எந்த அசைவு சரியாக வந்தது என்று தெரிந்து, அதை ரசித்து, இரண்டு நாள் ஓய்வெடுத்தவருக்கு அதைத் திரும்பச் செய்வது எளிது. அவரிடம் இதை வாதமாகக் கொண்டுபோகாதீர்கள். எண்ணாகக் கொண்டுபோங்கள். “சார், கடைசி மீட்டில் 6.02இல் போர்டு இழப்பு 27 செ.மீ. சார். மூன்று மாதம் ரன்-அப் மட்டும் பார்க்கலாமா சார்? மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மாசா மாசம் கணக்கு காட்டுகிறேன்.” மனம் சரியில்லை என்று சொன்னால் அறிவுரைதான் வரும், டேப்பைக் காட்டினால் பெரும்பாலான கோச்சுகள் உட்கார்ந்து கேட்பார்கள்.

எடையும் பீரியட்ஸும். இதில் தன்மையாகச் சொல்வதற்கு இடமில்லை. மூன்று மாதமாக வரவில்லை என்பது சகஜம் இல்லை. அந்த அக்காக்களுக்கும் வராமல் இருந்திருக்கலாம், அதனால் அது சரியாகிவிடாது. 55இலிருந்து 51க்கு இறங்கிய உடல், பயிற்சிக்கும் உயிர் வாழ்வதற்கும் சேர்த்து எரிபொருள் போதவில்லை என்று தெரிந்ததும் முதலில் நிறுத்தும் செலவுகளில் மாதவிலக்கு ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பின் வலு குறையும், காயம் ஆறுவது தாமதமாகும், தூக்கமும் கெடும். இந்த நிலையில் தாண்டும் காலில் எலும்பு வலி என்று நீங்கள் எழுதியிருப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்காலெலும்பை ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி நீளமாகப் பரவியிருந்தால் அது தசை ஒட்டும் இடத்து அழற்சியாக இருக்கலாம். ஒரு விரல் அகலத்தில், ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினாலோ, அந்தக் காலில் நொண்டி அடிக்கும்போது வலித்தாலோ, எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். எதுவானாலும் டாக்டர் பார்க்கும்வரை தாண்டுவதை நிறுத்துங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

இந்த வாரமே விளையாட்டு மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். கர்ப்பப் பரிசோதனையும் வழக்கமான பட்டியலில் உண்டு, சங்கடப்பட வேண்டாம். எடை குறைப்பை இன்றோடு நிறுத்துங்கள். புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு 85 கிராம் அளவு. மூன்று முட்டையில் 18 கிராம்தான் வரும், ஆகவே பயறு, கொண்டைக்கடலை, பால், மீன், கோழி எல்லாம் சேர வேண்டும். ஆனால் உங்களுக்கு இப்போது புரதத்தைவிடக் குறைவாக இருப்பது சோறாகத்தான் இருக்கும். மாவுச்சத்தை வெட்டாதீர்கள். காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் போகாமல் இரண்டு வாழைப்பழமாவது. முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோ பொங்கலோ வயிறு நிறைய. சாப்பிடப் பயமாக இருக்கிறது, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுகிறேன், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, அழுகை வருகிறது என்ற நிலை எதுவாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, உளவியலாளரையும் பாருங்கள்.

நான் சொன்ன 12 வாரம் டாக்டர் சரி என்ற பிறகுதான் ஆரம்பம்.

மீட்டுக்குத் திரும்பும்போது முதல் தாண்டல் கணக்கில் சேர வேண்டும், அவ்வளவே. 2021 நவம்பரிலிருந்து பிளாஸ்டிசீனில் தடம் விழுந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. கால் தரையில் இருக்கும்போதே ஷூவின் முனை விளிம்புக்கு நேர் மேலுள்ள கோட்டைத் தாண்டினாலே ஃபவுல். முன்பு தப்பித்த சில தாண்டல்கள் இப்போது தப்பாது. வார்ம்-அப்பில் இரண்டு ரன்-த்ரூ ஓடி, காற்றைப் பார்த்து மார்க்கை வையுங்கள்: எதிர்க்காற்றில் காலடி சுருங்கும், மார்க் அரை அடி முன்னால்; பின்காற்றில் நீளும், அரை அடி பின்னால். அதன் பிறகு ஒரே பக்கம் இரண்டு முறை தொடர்ந்து பிசகினால் மட்டும் நகர்த்துங்கள். முதல் இரண்டும் ஃபவுல் ஆகிவிட்டால் மூன்றாவதில் வீரம் வேண்டாம். மார்க்கை ஒரு சாண் பின்னால் வைத்து முழு வேகத்தில் ஓடுங்கள். குறுக்கி ஓடுவது வேறு, பின்னால் வைப்பது வேறு. மெக்சிகோ சிட்டியில் பீமனும் தகுதிச் சுற்றில் இரண்டு ஃபவுலோடு நின்றார். போர்டுக்கு நன்றாக முன்பே எழும்பிவிடு என்று யோசனை சொன்னவர் அவருக்குப் போட்டியாளரான ரால்ஃப் பாஸ்டன். பீமன் அப்படியே செய்து தகுதி பெற்றார். 8.90 வந்தது மறுநாள்.

அடுத்த மீட்டுக்கு யாரையாவது போர்டுக்கு நேர் பக்கவாட்டில், கேலரியிலிருந்தாவது, போனோடு உட்கார வையுங்கள். ஆறு தாண்டலிலும் கால் விழுந்த இடம் தெரிய வேண்டும். ரிசல்ட் ஷீட்டில் இருக்கும் தூரத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி, பிறகு கூட்டிப் பாருங்கள்.